நடுத்துணி

குந்தாரப்பள்ளி கூட்டுரோட்டில் பஸ் நின்றதும் ரத்தினவேல் பையை முதலில் இறக்கிவிட்டுப் பிறகுதான் இறங்கினான். பை அவ்வளவு பெரியது. கனம் இல்லை. உள்ளே ஒரு புது குயில்ட், பஞ்சு வைத்துத் தைத்த போர்வை, ஜிப் வைத்த கண்ணாடி உறைக்குள் உப்பிக்கொண்டு இருந்தது. ஓசூரில் அவன் மனைவி சுகுணா வேலை பார்த்த கம்பெனியின் வாசல் கடையில் வாங்கியது. கப்பலேற வேண்டிய சரக்கு. ஓரத்தில் எங்கோ ஒரு நூல் பிசகியதால் இங்கேயே தங்கிவிட்டது.

மே மாதம். ஹைவேயில் மாங்காய் டிராக்டர்கள் கூழ் ஃபேக்டரிப் பக்கம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. காம்பு உடைந்த மாங்காயின் பால் வாசனை தார்ச்சூட்டோடு கலந்து மூக்கில் ஏறியது. மாமனார் திம்மராயன் மொபெட்டோடு புளியமரத்தடியில் காத்திருந்தார். பையைப் பார்த்தார்.

“சேலைங்களா மாப்ள?”

“இல்ல மாமா. வேற.”

பையை முன்னால் வைத்து, மருமகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மண்ரோட்டில் இறங்கினார்.

சுகுணா போன நவம்பரில் இறந்துபோனாள். டெங்குக் காய்ச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உடம்பு சுட்டது, அடுத்த வாரம் திங்கட்கிழமை அவள் இல்லை. மகள் சுவாதிக்கு அப்போது மூன்றரை வயது. ரத்தினவேலுக்கு வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். விருதுநகர்ப் பக்கம் இருந்த அவன் அம்மாவுக்கு ஓசூர்க் குளிர் ஒத்துக்கொள்ளாது. காரியம் முடிந்த கையோடு குழந்தை சுகுணாவின் தாய்வீட்டிலேயே தங்கிவிட்டது. இப்போது ஜூனில் பள்ளிக்கூடம். ஓசூரில் எல்.கே.ஜி.க்கு இடம் வாங்கியாகிவிட்டது. சுகுணாவோடு வேலை பார்த்த தமிழ்செல்வி இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தாள். அவன் காலை ஷிஃப்ட் போனால் அவள் மதிய ஷிஃப்ட் வாங்கிக்கொள்வாள், அவளுடைய பெண்ணோடு சுவாதியும் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தாள். எல்லாம் கூடி வந்துவிட்டது. மிச்சம் இருந்தது கவுதி ஒன்றுதான்.

பழைய சேலைகளை அடுக்கிக் கையால் தைக்கும் கனத்த விரிப்புக்கு அந்த வீட்டில் கவுதி என்று பேர். வீட்டில் கன்னடமும் வெளியே தமிழும் பேசுகிற குடும்பம். எதிர்த்தெருத் தெலுங்குக்காரர்கள் அதையே பொந்த என்பார்கள், தமிழ் வீடுகளில் ஒட்டுப்போர்வை. பேர் எதுவானாலும் திம்மராயன் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தாயில்லாத குழந்தை தாய்வீட்டை விட்டு வெளியே போனால் தாய் கட்டிய சேலைகளில் தைத்த கவுதியோடுதான் போக வேண்டும். நாலு ஓரத்திலிருந்தும் தைத்துக்கொண்டே உள்ளே வந்து, கடைசியில் நடுவில் ஒரு துணி வைத்து மூடுவார்கள். நடுத்துணி, அவள் கடைசியாகக் கட்டியிருந்த சேலை.

சேலைகள் எல்லாம் ஓசூரில், பீரோவில் இருந்தன. பீரோவை ரத்தினவேல் நவம்பரிலிருந்து திறக்கவில்லை.

மாமியார் சரோஜம்மாள் பிப்ரவரியில் கேட்டாள், மார்ச்சில் கேட்டாள். ஷிஃப்ட் என்றான், மறந்துவிட்டது என்றான், சாவி காணவில்லை என்றுகூட ஒரு தடவை சொன்னான். ஏப்ரலில் அவள் கேட்பதை விட்டுவிட்டு ஒரே பேச்சாக முடித்தாள். கவுதி ஆகாமல் பிள்ளை வராது.

அதற்காகத்தான் இந்தப் பை.

வீட்டுக்குள் நுழைந்தபோது சுவாதி வாசலில் உட்கார்ந்து மாங்கொட்டை ஒன்றைச் சூப்பிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள். ஓடிவரவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, தலையைச் சாய்த்து, “நீரு பேக்கா?” என்று கேட்டாள். தண்ணீர் வேண்டுமா என்று வீட்டுக்கு வரும் விருந்தாளியைக் கேட்கிற கேள்வி அது. அவன் சொம்பை வாங்கி முழுவதும் குடித்தான். தாகம் இல்லை.

சரோஜம்மாள் அப்போதுதான் மண்டியிலிருந்து வந்திருந்தாள். சீசனில் மாங்காய் தரம் பிரிக்கிற வேலை. பால் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்திருந்தன. ஐம்பது வயது இன்னும் ஆகவில்லை, ஒல்லி, நடையில் வேகம். பக்கத்து வீட்டுத் தங்கமணியும் கூடவே வந்திருந்தாள். கயிற்றுக் கட்டிலில் அவன் குயில்ட்டை விரித்ததும் தங்கமணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“எத்தினி ஒட்டு பாரேன் சரோஜா. எங்க சேர்த்தான், எங்க தச்சான், ஒண்ணும் தெரியல.”

சரோஜம்மாள் குனிந்து ஒரு சதுரத்தின் ஓரத்தை விரலால் தேடினாள். பிறகு நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

“ஒட்டே இல்லடி இதுல. ஒரே துணி. ஒட்டு மாதிரி அச்சுப் போட்டிருக்கான்.”

“அப்ப தையலு?”

“தையலு இருக்குது. எதுக்கு இருக்குதுன்னு அதுக்கே தெரியாது.”

தங்கமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளை இருக்கிறார் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கோவிச்சிக்காதீங்க மாப்ள,” என்றாள் சரோஜம்மாள். “இது யாரு கட்டின துணி?”

“யாரும் கட்டல. புதுசு.”

“யாரும் கட்டாத துணி எப்பிடி கவுதி ஆவும்?”

“மூணு அடுக்கு இருக்கு அத்தே. மேல துணி, நடுவுல பஞ்சு, கீழ துணி. மூணையும் பிடிச்சுத் தையல் போயிருக்கு. கம்பெனியில அவ்வளவுதான் கேப்பாங்க.”

“இது அவ பேச்சு,” என்றாள் சரோஜம்மாள்.

அது உண்மை. இரண்டு பொங்கலுக்கு முன்னால் இதே கட்டிலில் சுகுணா இன்ச் டேப்பை வைத்துக்கொண்டு அம்மாவின் கவுதியைச் சோதித்தாள். கம்பெனியில் கடைசிச் சோதனை அவள் கையில்தான். ஒரு இன்ச்சில் மூன்று தையல் இருக்கிறது, அடுத்த இன்ச்சில் ஐந்து இருக்கிறது, நடுவில் பஞ்சே இல்லை, இது துணிமூட்டை, குயில்ட் இல்லை என்று தீர்ப்புச் சொன்னாள். உன் கம்பெனி செய்வது பஞ்சுக்குச் சட்டை, அதுவும் ஆள் போடாத சட்டை என்றாள் அம்மா. அவரைக்காய் உரித்துக்கொண்டே அன்றைக்குச் சாயங்காலம் பூரா இரண்டு பேரும் விடவில்லை. பஞ்சு வேண்டுமா வேண்டாமா, கிழிந்த துணியா புதுத்துணியா, மெஷின் போட்டால் ஆகுமா ஆகாதா. கடைசியில் சுகுணா புருஷன் பக்கம் திரும்பினாள். நீங்கள்தானே குவாலிட்டி பார்க்கிற ஆள், நீங்கள் சொல்லுங்கள். இரண்டும் பாஸ் என்றான் ரத்தினவேல். இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டினார்கள்.

சரோஜம்மாள் குயில்ட்டை மடித்தாள். நான்காக மடித்தும் அது உப்பிக்கொண்டு திறந்தது.

“இருக்கட்டும். பிள்ளை படுத்துக்கட்டும். ஆனா இது அது இல்ல. நான் கிழிச்சிருவேன்னுதான் நீங்க குடுக்க மாட்டேங்கறீங்க, எனக்குத் தெரியும். கிழிக்காம எப்பிடி மாப்ள?”

அவன் கை கழுவப் போனான். களியும் மாங்காய் போட்ட பருப்பும் சாப்பிட்டான். திம்மராயன் தக்காளி விலையைப் பற்றிப் பேசினார். மூன்று மணிக்குக் கிளம்பும்போது சுவாதி வாசல் வரைக்கும் வந்து, போய் வாருங்கள் என்று கன்னடத்தில் மரியாதையாகச் சொல்லி அனுப்பினாள்.

பஸ்ஸில் அவனுக்கு உட்கார இடம் கிடைத்தது. சூளகிரி தாண்டுகிறவரை அந்த மரியாதை காதுக்குள்ளேயே இருந்தது.

ரத்தினவேலின் வேலை அளப்பது. லைனில் வருகிற ஒவ்வொரு பாகத்தின் துளைக்குள்ளும் கேஜ் என்கிற அளவுக் கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு முனை போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. ஆறு மாதமாக அந்த வேலை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. போகும், போகாது. அதற்கு நடுவில் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேன்டீனில் சாப்பிட்டான், கம்பெனி பஸ்ஸில் தூங்கினான், வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு பீரோவுக்கு எதிர்ப்பக்கம் தலை வைத்துப் படுத்தான்.

கிழிப்பதற்குப் பயந்து அவன் சேலைகளை வைத்துக்கொள்ளவில்லை. மாமியார் அப்படி நினைத்தது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. பயம் நடுத்துணியில் இருந்தது.

சுகுணாவை ஐ.சி.யு.வுக்கு மாற்றிய அன்று ஒரு நர்ஸ் அவள் கட்டியிருந்த சேலையைச் சுருட்டிக் கேரிபேக்கில் போட்டு அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைக் கீழ்த்தளத்தில் ஒரு பெஞ்சில் வைத்தான். ரத்தத்துக்கு ஆள் தேடிப் போனில் பேசிக்கொண்டே வெளியே போனான். மூன்று நாள் கழித்து, எல்லாம் முடிந்த பிறகு, அந்த பெஞ்சுக்குத் திரும்பிப் போனான். வேறு ஒரு குடும்பம் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இங்கே ஒரு பை இருந்ததா என்று கேட்டான். அவர்கள் இல்லை என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டார்கள். அந்தச் சேலை என்ன நிறம் என்றுகூட அவனுக்கு நினைவில்லை. பார்க்காமலே வாங்கி, பார்க்காமலே வைத்திருந்தான். எங்கே அந்தச் சேலை என்று கேட்டால் சொல்வதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை. பீரோவைத் திறக்காதவரை யாரும் கேட்க மாட்டார்கள்.

புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்து தமிழ்செல்வி வீட்டு வாசலில் போய் நின்றான். அவள் அரியலூர்ப் பக்கம். பத்து வருஷமாக இங்கேதான், பல ஊசி வைத்த பெரிய மெஷினில் ஆபரேட்டர். அடுப்பில் ஏதோ தாளித்துக்கொண்டே என்னவென்று கேட்டாள். சேலைகளைக் கிழிக்காமல், அப்படி அப்படியே மடித்து நடுவில் வைத்து, மேலும் கீழும் ஒரு துணி போட்டு அவள் மெஷினில் ஓட்டித் தர முடியுமா என்று கேட்டான். அப்படிச் செய்தால் எந்தச் சேலை எது என்று யாருக்கும் தெரியாது. இதை அவன் சொல்லவில்லை.

“ஓட்டலாம் அண்ணே,” என்றாள் தமிழ்செல்வி. “நடுவுல எத வச்சாலும் மெஷினுக்கு ஒண்ணுதான். பஞ்சு வச்சாலும் பாஸு, பழைய பேப்பர் வச்சாலும் பாஸு. ஆனா அதக் கொண்டுபோய் அவங்கம்மாகிட்டக் குடுத்தா ஒத்துக்குவாங்களா?”

“மாட்டாங்க.”

“பின்ன? பாப்பா வேணுமா வேணாமா உங்களுக்கு?”

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து கையை நீட்டினாள்.

“சாவியக் குடுங்க. நீங்க பாக்க வேணாம். நான் கட்டி வைக்கிறேன்.”

சனிக்கிழமை வேலை விட்டு வந்தபோது இரண்டு பெரிய மூட்டைகள் கதவோரம் இருந்தன. பீரோ பூட்டியிருந்தது, சாவி அதன் மேல் இருந்தது. மேல்தட்டு, கீழ்த்தட்டு, கம்பியில் மாட்டியிருந்தது எல்லாவற்றையும் வைத்துவிட்டதாக தமிழ்செல்வி சொன்னாள். அவன் முடிச்சை அவிழ்க்கவில்லை. கம்பெனி அன்றோடு வருஷாந்தர மெயின்டனன்சுக்கு ஒரு வாரம் மூடியது. மறுநாள் காலை மூட்டைகளோடு பஸ் ஏறினான்.

சரோஜம்மாள் மூட்டைகளை உள்ளே தூக்கிப் போய்த் தனியாகப் பிரித்தாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தாள். முற்றத்தில் பாய் விரித்து அரக்கு நிறக் காட்டன் சேலை ஒன்றை எடுத்துக் கரையைப் பல்லால் கடித்து ஒரு வெட்டு வைத்து அவனிடம் நீட்டினாள். தாலி கட்டின கை முதலில் கிழிக்க வேண்டும், அதுவும் வழக்கம்.

அவன் பிடித்து இழுத்தான். சேலை தலைமுதல் கால்வரை ஒரே மூச்சில் கிழிந்தது. இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. இன்னொன்று கொடுத்தாள். அதையும் கிழித்தான். சிந்தெட்டிக் சேலைகள் கிழியவில்லை, இழுக்க இழுக்க நீண்டன. திம்மராயன் ஒன்றை வாங்கி மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுத் தோற்றுப்போய்க் கீழே போட்டார்.

“சேலையும் அவள மாதிரியே இருக்குது. நம்ம சொன்னா எங்க கேக்குது.”

யாரும் சிரிக்கவில்லை. பிறகு தங்கமணி சிரித்தாள். பிறகு சரோஜம்மாளும் சிரித்தாள். கத்தரிக்கோல் வந்தது.

ஐந்து நாள் வேலை. விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை, பிறகு மண்டியிலிருந்து பெண்கள் திரும்பியதும் வெளிச்சம் இருக்கும்வரை. அடியில் மூன்று சேலைகளை முழு அகலத்துக்கு விரித்து, அதன்மேல் கிழித்த பட்டைகளை வைத்து ஓரத்திலிருந்து தொடங்கினார்கள். ஒரு பக்கம் சரோஜம்மாள், ஒரு பக்கம் தங்கமணி. மூன்றாவது நாள் ரத்தினவேலும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தான். சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஊசியில் நூல் கோப்பது திம்மராயன் வேலை. அவர் தைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், ஆனால் இடத்தை விட்டுப் போகவும் இல்லை.

ரத்தினவேலின் தையல் ஒரே அளவில் வரிசையாக விழுந்தது. ஒவ்வொன்றும் கால் இன்ச். தங்கமணி எட்டிப் பார்த்தாள்.

“மாப்ள மிசினு முழுங்கிட்டு வந்திருக்கறாரு.”

“அங்கிட்டுக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க அக்கா, சுருங்குது.”

“அங்கிட்டாம். எங்கிட்டு மாப்ள அது? மதுரையா, விருதுநகரா?”

சுவாதி விரித்த துணியின் மேலேயே நடந்தாள், நடுவில் படுத்துப் புரண்டாள், நூல்கண்டை உருட்டினாள். முதல் இரண்டு நாள் பாட்டியின் பக்கமே இருந்தாள். நான்காவது நாள் மத்தியானம் அப்பாவின் முழங்காலில் சாய்ந்து, அவன் கையில் இருந்த மஞ்சள் பட்டையைத் தொட்டு, “இது யார்து?” என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். அம்மாவுடையது என்றான். அடுத்த பட்டையைத் தொட்டாள். அதுவும் அம்மாவுடையது. அதற்கடுத்தது? அதுவும்தான். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டுக்கொண்டே போனாள், அவன் ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். இருபதுக்கு மேல் போயிற்று. எதிர்ப்பக்கத்தில் சரோஜம்மாள் தலையைத் தூக்காமல் தைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடுவில் ஒரு முறம் அளவுக்கு இடம் மிச்சம் இருந்தது. சரோஜம்மாள் ஊசியைக் கவுதியில் குத்தி நிறுத்தினாள்.

“ஆஸ்பத்திரியில கட்டியிருந்தது எங்க மாப்ள? மூட்டையில இல்ல.”

அவன் கையில் இருந்த தையலை முடித்தான். நூலை அறுத்தான்.

“இல்ல அத்தே. தொலைச்சிட்டேன்.”

சொல்லத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. கேரிபேக், பெஞ்ச், போன், திரும்பிப் போனது, இட்லி சாப்பிட்டவர்கள் இடம் விட்டது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “என்ன கலர்னுகூடத் தெரியல,” என்றான் கடைசியாக. “அதான் கொண்டுவரல. கிழிக்கிறதுக்காக இல்ல.”

மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போக எழுந்த திம்மராயன் அப்படியே நின்றார். தங்கமணி சுவாதியைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுப் பக்கம் கூட்டிப் போனாள்.

“பச்ச,” என்றாள் சரோஜம்மாள்.

“என்ன அத்தே?”

“பச்சக் கலரு. ஓரத்துல மாம்பிஞ்சி போட்டது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்தன்னிக்கி அதான் கட்டியிருந்தா. அவ மொத சம்பளத்துல எனக்கு எடுத்தது, என்கிட்ட இருந்து அவளே புடுங்கிகினு போயிட்டா.” மூக்கைச் சிந்தினாள். “ரத்தத்துக்கு அலையறவன் துணிய மடியில கட்டிகினா அலைவான்? ஆறு மாசமா இதையா மனசுல வச்சிகினு இருந்தீங்க?”

அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் ஏந்தினாற்போல ஒரு சேலையைக் கொண்டுவந்தாள். மையூதா நிறம், பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி. ஒரு பகுதி கொசுவமாக மடிக்கப்பட்டு, தேய்க்கப்பட்டு, மேல்முனையில் ஒரு ஊக்குக் குத்தியிருந்தது.

“மூட்டையப் பிரிச்ச அன்னிக்கே பாத்தேன். கைய வைக்க முடியல. எடுத்து ஒளிச்சி வச்சிட்டேன்.”

ரத்தினவேலுக்கு அது தெரியும். காலை ஆறுமணி ஷிஃப்டுக்கு ஐந்தே முக்காலுக்கு கம்பெனி பஸ். சூப்பர்வைசர் ஆனதிலிருந்து சேலைதான் கட்டிக்கொண்டு போவேன் என்று சுகுணா பிடிவாதமாக இருந்தாள். காலையில் மடிக்க நேரம் இருக்காது. முதல்நாள் சாயங்காலமே கொசுவம் வைத்து, தேய்த்து, ஊக்குக் குத்தி, கம்பியில் மாட்டிவிடுவாள்.

“ஞாயித்துக்கெழமை மடிச்சது,” என்றான். “திங்கக்கெழமைக்கு. மடிச்சு மாட்டிட்டுத்தான் தல வலிக்குதுன்னு படுத்தா.”

சரோஜம்மாள் பாயில் உட்கார்ந்து சேலையை மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பி வந்த தங்கமணி நிலைமையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“கடைசியாக் கட்டினதத்தான வைக்கணும் சரோஜா? இது அவ கட்டாதது.”

“கட்டறதுக்கு வச்சது.”

“வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல.”

“இருக்குது,” என்றாள் சரோஜம்மாள். “என் பொண்ணு திங்கக்கெழமைக்கு எடுத்து வச்சது இது. நான் இதத்தான் வைப்பேன்.”

ஊக்கு துரு பிடித்திருந்தது. குழந்தைக்குக் குத்தும், நீங்களே அவிழ்த்துவிடுங்கள் என்று மருமகனிடம் காட்டினாள். அவன் அழுத்தினான், வரவில்லை. மறுபடி அழுத்தியபோது திறந்துகொண்டது. மடிப்பு குலையவில்லை. ஏழு மடிப்பும் ஆறு மாதம் நின்ற நிலையிலேயே நின்றன. சரோஜம்மாள் உள்ளங்கையால் பரத்தித் தேய்த்தாள். கையை எடுத்ததும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்து படுத்துக்கொண்டன. இன்னொரு தரம் தேய்க்கப் போனவள் கையைப் பாதியில் நிறுத்தினாள்.

“கவுதியில எதுவும் மடிஞ்சி இருக்கக் கூடாது,” என்றாள், யாரிடம் என்று இல்லாமல். “எதுவும் தொங்கவும் கூடாது. பரத்தித்தான் தைக்கணும்.”

“கம்பெனியிலயும் அப்படித்தான் அத்தே. தொங்குச்சுன்னா சுகுணாவே ரிஜெக்ட் போட்டுருவா.”

“ரெண்டு எடத்துலயும் ஆவாது.”

“ஆவாது.”

கத்தரிக்கோலை எடுத்தாள். கொசுவத்தை மேலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டினாள். ஏழு மடிப்பையும் கலையாமல் அப்படியே நடுவில் வைத்து, ஊக்கு இருந்த மேல்முனையை மட்டும் கவுதியோடு சேர்த்துத் தைத்தாள். ஏழு அடுக்கில் ஊசி இறங்கவில்லை. ரத்தினவேல் கீழேயிருந்து துணியைத் தாங்கிப் பிடித்தான், அவள் மேலிருந்து அழுத்தினாள். இரண்டு பக்கமும் பட்டை வைத்து மூடினாள். கீழ்முனை சும்மா கிடந்தது.

“கீழ?” என்று கேட்டாள் தங்கமணி.

“வுட்டுடு.”

ஞாயிற்றுக்கிழமை சுவாதியை அனுப்பினார்கள். சரோஜம்மாள் கூட்டுரோடு வரைக்கும் வரவில்லை, மண்டிக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை மண்டி கிடையாது என்று திம்மராயன் மொபெட்டில் வரும்போது சொன்னார்.

ஜூன் இரண்டாவது திங்கட்கிழமை ரத்தினவேலுக்குக் காலை ஷிஃப்ட் விழுந்தது. நாலரைக்கு எழுந்து குளித்தான். இட்லி ஊற்றி வைத்தான், பள்ளிப் பையைச் சரிபார்த்தான், தண்ணீர் பாட்டிலை நிரப்பினான். வெளியே ஓசூரின் சாம்பல் வெளிச்சமும் மழைக்கு முந்தின குளிரும் இருந்தன. தெருவில் முதல் ஷிஃப்ட் ஆட்கள் காதில் போனை வைத்துக்கொண்டு நடந்துபோனார்கள். குழந்தையைத் தூங்கத் தூங்கத் தூக்கி தமிழ்செல்வி வீட்டில் படுக்க வைத்துவிட்டு பஸ் பிடிக்க வேண்டும். எட்டு மணிக்கு அவள் எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்வாள். அப்படித்தான் பேச்சு.

சுவாதி கவுதியின் நடுவில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவன் கழுத்துக்கடியில் ஒரு கையும் முழங்காலுக்கடியில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கினான். அவளோடு கவுதியும் எழும்பி வந்தது. குனிந்து பார்த்தான். வலது கை கொசுவ மடிப்புக்குள் போயிருந்தது. ஏழையும் சேர்த்து இறுகப் பிடித்திருந்தாள், அடுப்படியில் நிற்கிற அம்மாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கொசுவத்தைப் பிடிக்கிற மாதிரி.

மறுபடி படுக்க வைத்து விரல்களைப் பிரித்தான். கட்டைவிரல் விட்டது. சுண்டுவிரலைப் பிரித்தபோது கட்டைவிரல் மூடிக்கொண்டது. அவள் முகம் சுருங்கியது, உதடு கோணியது, ஆனால் கண் திறக்கவில்லை. இன்னொரு முறை முயன்றான். பிறகு விட்டுவிட்டான். தெருமுனையில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

கவுதியின் நாலு ஓரத்தையும் அவளைச் சுற்றி மடித்து, மொத்தமாகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். பத்தொன்பது சேலையின் கனம். அதற்குள் குழந்தையின் கனம் தனியாகத் தெரியவில்லை. காலால் கதவைச் சாத்திவிட்டு இரண்டு வீடு தள்ளி நடந்தான். ஒரு முனை தரையில் இழுபட்டது.

தமிழ்செல்வி தூக்கக் கலக்கத்தோடு கதவைப் பாதி திறந்தாள்.

“இத்தனையும் எதுக்கு அண்ணே, இங்க போர்வை…”

அவள் சொல்லி முடிக்கவில்லை. மடிப்புகளுக்கு நடுவே வெளியே தெரிந்த சின்னக் கையைப் பார்த்தாள். அது எதைப் பிடித்திருந்தது என்றும் பார்த்தாள். அந்த மையூதாச் சேலையைக் கம்பியிலிருந்து எடுத்து மூட்டையில் வைத்தவள் அவள்தான். ஒதுங்கிக்கொண்டு, மறுபாதிக் கதவின் தாழையும் நீக்கி, முழுவதும் திறந்துவிட்டாள்.